ஹாம்பர்க்கில் நண்பர்களோடு இரண்டு இரவு: டிக்கெட் போடுவது முதல் திரும்புவது வரை

ஜெர்மனியில் படிக்கிற, வேலை பார்க்கிற நான்கைந்து நண்பர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து கிளம்பி ஒரு வார இறுதியில் கூடுவதற்கு ஹாம்பர்க் தோதான ஊர். பெர்லின் பரந்து கிடக்கிறது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகவே பொழுது போய்விடும். மியூனிக்கில் அறை வாடகை கையைக் கடிக்கும். ஹாம்பர்க்கில் துறைமுகம், செங்கல் கிடங்குகள், இரவுத் தெருக்கள், ஆற்று மணல் என்று பார்க்க வேண்டியவை பெரும்பாலும் எல்பே ஆற்றின் வடகரையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. கால் வலித்தால் யூ3 என்ற மெட்ரோ ரயில், அதுவும் அலுத்தால் படகு.

இவ்வளவு வசதியான ஊரிலும் கூட்டுப் பயணங்கள் சொதப்பத்தான் செய்கின்றன. சிலர் காலை முதல் இரவு வரை மணி போட்டுத் திட்டம் தயாரித்து, முதல் தாமதத்திலேயே எல்லாம் சரிந்து சண்டை போடுவார்கள். சிலர் எதுவுமே யோசிக்காமல் வந்து, நடைபாதையில் நின்று "அடுத்து எங்கடா?" என்று அரை அரை மணி நேரமாக நாளைக் கரைப்பார்கள். மூன்றே மூன்றை மட்டும் நேரம் குறித்து உறுதி செய்துகொள்ளுங்கள்: ரயில், மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சியின் நுழைவு, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசை. மீதியை வானிலையைப் பார்த்து அங்கேயே முடிவு செய்யலாம். கீழே உள்ளதெல்லாம் வெள்ளி மாலை சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்பும் கணக்கில்.

படி 1: எத்தனை பேர், எந்த வாரம்

நான்கு பேர் அல்லது ஐந்து பேர் போங்கள். ஹாம்பர்க் உள்ளூர்ப் போக்குவரத்தின் குழு டிக்கெட் ஐந்து பேர் வரைதான். ஆறாவது ஆளுக்குத் தனியாக வாங்க வேண்டும். சாப்பிடப் போனாலும் நான்கு பேர் மேசையில் ஐந்தாவது நாற்காலியைப் போட்டுத் தருவார்கள், எட்டுப் பேராகப் போய் நின்றால் வாசலிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். எட்டுப் பேர் வந்தே தீருவோம் என்றால் முதலிலேயே இரண்டு அணியாகப் பிரிந்து சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுங்கள்.

தேதி குறிக்கும்போது மே 7-ஐ ஒட்டிய வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. 1189-ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்துத் துறைமுகத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள்; கப்பல் அணிவகுப்பு அழகுதான், ஆனால் கரையெல்லாம் மனிதத் தலை, அறை வாடகையும் எகிறியிருக்கும். செப்டம்பரில், இரவுக் கேளிக்கைத் தெருவான ரீப்பர்பானின் பெயரில் இசை விழா நடக்கும் வாரமும் அப்படியே. மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சிறந்த காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஒரு நாளில் ஒன்றரை நாள் வேலை ஆகும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்; நகர மன்றத்தின் முன்னால் கூடும் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போகலாம். மழை எந்த மாதத்திலும் வரும். குடை வேண்டாம், துறைமுகக் காற்று அதைத் திருப்பி மடக்கிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ரயில்

நாள் முடிவானதும் முதலில் ரயில். ஜெர்மன் ரயில்வேயின் சலுகைக் கட்டணத்தில் இரண்டு வகை: சூப்பர் ஷ்பார்பிரைஸ் மலிவு, ஆனால் ரத்து செய்ய முடியாது. ஷ்பார்பிரைஸ் கொஞ்சம் கூடுதல், பயண நாளுக்கு முன்பே ரத்து செய்தால் ஒரு கட்டணம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நண்பர்கள் பயணத்தில் யாராவது ஒருவர் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வது வாடிக்கை. ஊசலாடும் ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு மட்டும் ரத்து செய்யக்கூடியதை எடுத்தால் போதும்.

ஒரே ஊரிலிருந்து கிளம்புபவர்கள் மொத்தமாக ஒரே டிக்கெட்டாகப் போடும்போது ஒரு சிக்கல் உண்டு. அந்த டிக்கெட் ஒருவர் பெயரில்தான் இருக்கும், அந்த ஆள் ரயிலில் இருந்தாக வேண்டும். அவர் தூங்கிப்போய் ரயிலை விட்டால் மற்றவர்களின் டிக்கெட்டும் செல்லாது. எப்போதும் நேரத்துக்கு வருகிற ஆளின் பெயரில் போடுங்கள். இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் அந்தக் காசைப் பார்க்காதீர்கள், இல்லாவிட்டால் கதவோரம் பெட்டி மேல் உட்கார்ந்துதான் வர வேண்டியிருக்கும்.

கொலோனிலிருந்தும் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்தும் ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஹானோவரிலிருந்து ஒன்றேகால் மணி சுமார். பெர்லினிலிருந்து வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் தண்டவாளப் பணி நடக்கும் காலங்களில் சுற்றுப்பாதையில் விடுவார்கள். டிக்கெட் போடும் முன் பயண நேரத்தைப் பாருங்கள். டாய்ச்லாண்ட்டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாதாந்திரச் சீட்டு) வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஐசிஇ, ஐசி ரயில்களில் அது செல்லாது. பிரேமனிலிருந்து வட்டார ரயிலில் வரலாம். கொலோனிலிருந்து மாறி மாறி வருவது வெள்ளி மாலையைத் தின்றுவிடும். டாய்ச்லாண்ட்டிக்கெட் இல்லாமல் ஹானோவர், கோட்டிங்கன் பக்கமிருந்து குழுவாக வருபவர்களுக்கு நீடர்சாக்ஸன் டிக்கெட் இருக்கிறது. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், ஹாம்பர்க் வரை செல்லும், வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான்.

சென்னையிலிருந்து நண்பர் யாராவது வந்து சேர்வதாக இருந்தால், பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது போதாது, இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஹாம்பர்க்குக்கு நேரடி விமானம் கிடையாது. ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ரயில் பிடிப்பது எளிது.

படி 3: தங்குமிடம்

ஹாமர்ப்ரோக் என்ற பகுதியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதன்மை ரயில் நிலையத்திலிருந்து எஸ்-பான் என்ற நகர ரயிலில் அடுத்த நிறுத்தம். வார நாட்களில் அலுவலக வேலையாக வருபவர்கள் தங்கும் விடுதிகள் நிறைந்த இடம், அதனால் வார இறுதியில் விலை இறங்கும். மாலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். நீங்கள் தூங்க மட்டும்தானே போகிறீர்கள். ஆல்டோனா, ஒட்டென்சன் பக்கம் அமைதியும் நல்ல காபிக் கடைகளும் உண்டு. ஸாங்க்ட் கேயோர்க் ரயில் நிலையத்துக்கு அடுத்தது. ஷ்டைன்டாம் தெருவில் ஆசிய மளிகைக் கடைகளும் மலிவான சாப்பாடும் கிடைக்கும், இரவில் கொஞ்சம் முரட்டுத்தனமான தெரு. இரவுக் கேளிக்கைப் பகுதியான ஸாங்க்ட் பவுலியில் அறை எடுத்தால் சனி இரவு விடியும் வரை சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

பணம் குறைவு, காட்சி வேண்டும் என்றால் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறைக்கு மேலே ஷ்டின்ட்ஃபாங் குன்றில் இருக்கும் இளைஞர் விடுதி. மொத்தத் துறைமுகமும் கண் முன்னால். அங்கே தங்க இளைஞர் விடுதிச் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தனி வீடு எடுப்பதானால் விளம்பரத்தில் வீட்டுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஹாம்பர்க்கில் சுற்றுலாவுக்கு வீடு விடுபவர்கள் அந்தப் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். எண் இல்லாத விளம்பரம் கடைசி நேரத்தில் காணாமல் போகக்கூடும். அறை வாடகையின் மேல் நகரச் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா, அங்கே போய்க் கட்ட வேண்டுமா என்று படித்துப் பாருங்கள்.

படி 4: பணம்

கிளம்பும் முன்பே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: பொதுச் செலவு எது, தனிச் செலவு எது. அறை, உள்ளூர் டிக்கெட், வுண்டர்லாண்ட் பொது. சாப்பாடும் குடியும் தனி. குடிக்காதவர், குடித்தவரின் பில்லைப் பங்கு போடுவதில்தான் கசப்பு ஆரம்பிக்கும். ஜெர்மனியில் பில் கொண்டுவரும்போதே "ஸுஸாமன் ஓடர் கெட்ரென்ட்?" என்று கேட்பார்கள், சேர்த்தா தனித்தனியா என்று. "கெட்ரென்ட்" என்றால் முகம் சுளிக்காமல் ஆளாளுக்கு வசூலிப்பார்கள். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், கட்டும்போதே மொத்தத் தொகையைக் கூட்டிச் சொல்வதுதான் வழக்கம்.

ரயில், அறை தவிர்த்து ஆளுக்கு 120 முதல் 150 யூரோ வரை ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. அதில் 40 யூரோ கையில் ரொக்கமாக இருக்கட்டும். மீன் சந்தையிலும் சில பழைய மதுக்கடைகளிலும் அட்டை வாங்க மாட்டார்கள். கழிப்பறைக்குச் சில்லறை தனி.

படி 5: ஊருக்குள் போக்குவரத்து

முதலில் எண்ணுங்கள்: டாய்ச்லாண்ட்டிக்கெட் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யூ-பான், எஸ்-பான், பேருந்து, துறைமுகப் படகு எல்லாம் அதிலேயே அடக்கம். இல்லாதவர்கள் மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரை இருந்தால் 9 மணிக் குழு டிக்கெட், ஏபி மண்டலத்துக்கு. விமான நிலையம் உட்பட நீங்கள் போகிற எல்லா இடமும் அந்த மண்டலத்துக்குள் வந்துவிடும். வார நாளில் காலை 9 மணியிலிருந்தும், சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும், மறுநாள் காலை 6 மணி வரையும் செல்லும். சனி இரவு ஆட்டத்துக்கும் அதே டிக்கெட் போதும். வெள்ளி, சனி இரவுகளில் ரயில்களும் விடிய விடிய ஓடும்.

குழு டிக்கெட்டில் வரும் தொல்லை, குழு பிரியும்போது. இரண்டு பேர் முன்னாலேயே அறைக்குத் திரும்பினால் டிக்கெட் ஒரு பக்கம்தான் இருக்கும். மற்றவர்கள் தனியாக வாங்காமல் ஏறினால் 60 யூரோ அபராதம். இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டை முத்திரை குத்தத் தேவையில்லை. ரயிலுக்குள் மது குடிப்பதற்குத் தடை உண்டு, கையில் திறந்த பீர் பாட்டிலோடு ஏறாதீர்கள்.

விமானத்தில் வந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது எஸ்1 ரயில். நகரத்திலிருந்து விமான நிலையம் போகும்போது இந்த ரயில் ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்னால் இருக்கும் மூன்று பெட்டிகள் விமான நிலையத்துக்கு, பின்னால் இருப்பவை பொப்பன்பியூட்டலுக்கு. ஒரே ரயில்தானே என்று பின்பெட்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் விமானத்தைக் கோட்டை விட வேண்டியதுதான். பிளாட்பாரத்தில் ரயில் போகும் திசையில் முன்னால் போய் நில்லுங்கள்.

தள்ளுபடி அட்டையாக விற்கும் ஹாம்பர்க் கார்டு, ஒரே நாளில் மூன்று நான்கு கட்டண இடங்களுக்குள் நுழைபவர்களுக்குத்தான் லாபம். இந்தத் திட்டத்துக்குத் தேவையில்லை.

வெள்ளி மாலை

ரயில் தாமதமாகும் என்ற எண்ணத்தோடே இருங்கள். அதனால் வெள்ளி மாலைக்கு நேரம் குறித்த எதையும் வாங்கக் கூடாது. அறையில் பையைப் போட்டுவிட்டு யூ3-இல் ஏறி லாண்டுங்ஸ்ப்ரூக்கன் போங்கள். ரோடிங்ஸ்மார்க்ட் நிலையம் வரும் முன்பே ரயில் மேம்பாலத்தில் ஏறிவிடும். இடப்பக்கம் உட்கார்ந்தால் கப்பல்களும் எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கின் அலைக்கூரையும் தெரியும். அதுவே ஊரின் அறிமுகம்.

படகுத்துறைக் கடைகளில் மீன் பன் சாப்பிடுங்கள். பிஸ்மார்க், மாட்யெஸ் என்று எழுதியிருந்தால் சமைக்காத ஹெரிங் மீன்: முன்னது வினிகரில் புளிக்க ஊறியது, பின்னது உப்பில் பக்குவப்பட்டு வெண்ணெய் மாதிரி வழுக்குவது. நம் நாக்குக்கு முதல் கடியிலேயே பிடிப்பது அரிது. மாவில் தோய்த்துப் பொரித்த பாக்ஃபிஷ் வாங்குங்கள். துணிந்தவர் ஒருவர் பிஸ்மார்க் வாங்கி எல்லோருக்கும் ஒரு கடி கொடுக்கட்டும். கடற்காகங்கள் பின்பக்கமிருந்து வந்து பன்னைக் கையோடு பிடுங்கும். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

பிறகு பக்கத்தில் குவிமாடம் வைத்த கட்டடத்துக்குள் நுழைந்தால் பழைய எல்பே சுரங்கம். 1911-இல் திறந்தது, 426 மீட்டர் நீளம், நடந்து போகக் கட்டணமில்லை. கார்களையே ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய பெரிய லிஃப்டில் 24 மீட்டர் கீழே இறங்கி, வெள்ளை ஓடு பதித்த குழாய்க்குள் நடக்க வேண்டும். சுவரில் மீன், நண்டு, ஆற்றில் குப்பையாக வந்த பழைய பூட்ஸ் என்று பீங்கான் புடைப்புச் சிற்பங்கள் வரும். அவசரமாக நடப்பவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். அக்கரை ஏறி ஆற்றோரம் நின்றால் ஊர் முழுவதும் விளக்கோடு எதிரில் நிற்கும். முதல் இரவுக்கு இது போதும்.

சனிக்கிழமை

காலை 9 மணியை ஒட்டி மினியாட்டூர் வுண்டர்லாண்ட். பொம்மை ரயில் பார்க்க யார் காசு கொடுப்பார் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். உள்ளே போனதும் கடைசியாக வெளியே வருபவரும் அவர்தான். 2001-இல் தொடங்கிய இந்த இடம் உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அரங்கில் இரவாகி ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள் எரியும். விமான நிலைய மாதிரியில் விமானங்கள் ஓடுதளத்தில் ஓடி மேலெழும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இணையத்தில் நேரம் குறித்து வாங்குவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறைக் காலச் சனிக்கிழமைகளில் நேரில் போய் நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காலை நேரம் கிடைக்காவிட்டால் இரவு எட்டு மணிக்கு மேல் பாருங்கள். பல நாட்களில் தாமதமாகத்தான் மூடுகிறார்கள், கூட்டமும் வடிந்திருக்கும்.

வெளியே வந்தால் நிற்பதே ஸ்பைஷர்ஷ்டாட் கிடங்கு நகரத்தில். 1883-இல் தொடங்கி, ஓக் மரத் தூண்களை மண்ணில் அடித்து அவற்றின் மேல் எழுப்பியவை இந்தச் செங்கல் மாளிகைகள். சுங்கவரி இல்லாமல் காபி, தேயிலை, வாசனைப் பொருள், கம்பளம் எல்லாம் இங்கே அடுக்கப்பட்டன. கூரை உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கொக்கிகள் படகிலிருந்து மூட்டையை நேராக மாடிக்கு இழுத்தவை. பக்கத்துச் சிலேஹவுஸ் கட்டடம் உள்ள அலுவலகப் பகுதியோடு சேர்த்து 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. எல்லோரும் எடுக்கும் அந்தப் புகைப்படத்துக்கு நிற்க வேண்டிய இடம் பொக்கன்மியூலன் பாலம். பகலில் சுமார்தான், விளக்கு எரிந்த பிறகு வந்தால்தான் அந்தப் படம் கிடைக்கும்.

வுண்டர்லாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் எல்ப்ஃபில்ஹார்மோனி. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலே 37 மீட்டர் உயரத்திலிருக்கும் பிளாசா மாடத்தைச் சுற்றி வரலாம். அன்றே நேரில் வாங்கும் பிளாசா சீட்டு இலவசம், முன்கூட்டிப் பதிவு செய்தால்தான் சிறு கட்டணம். வளைந்து ஏறும் 82 மீட்டர் எஸ்கலேட்டரின் முடிவு கண்ணுக்குத் தெரியாது. மேலே காற்று பலமாக அடிக்கும்.

இப்போது படகு. துறைமுகம் சுற்றிக் காட்டுகிறோம் என்று படகுத்துறை நெடுகக் கூவி விற்பார்கள். அதற்கு முன் 72-ஆம் எண் பொதுப் படகில் எல்ப்ஃபில்ஹார்மோனியிலிருந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கன் வாருங்கள், அங்கே 62-க்கு மாறுங்கள். ஃபின்கன்வெர்டர் வரை அரை மணி நேரப் பயணம், சாதாரண டிக்கெட்டே செல்லும், மேல்தளத்தில் உட்கார்ந்தால் சுமைக்கப்பல்கள் பக்கத்திலேயே கடக்கும். திரும்பும்போது நொய்மியூலன் நிறுத்தத்தில் இறங்கினால் ஓவெல்கோன ஆற்று மணல். அங்கே கிடக்கும் பெரிய பாறை 1999-இல் ஆற்றைத் தூர்வாரியபோது கிடைத்தது, எடை 217 டன், செல்லப்பெயர் 'பழைய ஸ்வீடன்காரர்'. வெயில் அடிக்கும் சனிக்கிழமை மதியம் 62-க்கு நீண்ட வரிசை இருக்கும், ஒரு படகை விட்டு அடுத்ததில் முதலாளாக ஏறினால் மேல்தளம் உங்களுக்கு.

காசு கொடுத்துச் சுற்றுலாப் படகு ஏறுவதானால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஏறுங்கள்: கிடங்கு நகரத்தின் கால்வாய்க்குள் போகுமா? கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே இருந்தும் இங்கே எல்பேயில் ஓதம் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வடிந்தால் கால்வாயில் படகு தட்டும், பொங்கினால் பாலத்தில் இடிக்கும். தோதான நேரத்தில் மட்டுமே உள்ளே போவார்கள்.

மாலை ஐந்தரைக்கு அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுங்கள். இதை விட்டால் இரவு பத்து மணிக்குள் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஷான்ஸன்ஃபியர்டல் பகுதி நல்லது. சைவர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர், எதையும் சாப்பிடுபவர் எல்லோருக்கும் ஒரே தெருவில் வழியுண்டு. மேசையை ஒரு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். உள்ளூர்ப் பண்டமான லாப்ஸ்கவுஸில் உப்புக்கண்ட மாட்டிறைச்சியும் பீட்ரூட்டும் மசித்திருக்கும், தெரியாமல் வரவழைக்காதீர்கள்.

ரீப்பர்பானை ஒருமுறை நடந்து பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1960-இல் வந்து வாசிக்கத் தொடங்கிய இந்த்ரா மன்றம் பக்கத்துக் குரோசே ஃபிரைஹைட் தெருவில்தான். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் தரகர்களின் பின்னால் போகாதீர்கள். நுழைவு இலவசம் என்பார்கள், விலைப்பட்டியலைப் பார்க்காமல் ஒரு பானம் சொன்னால் பில் மூன்று இலக்கத்தில் வரும். பாலியல் தொழில் நடக்கும் ஹெர்பர்ட் தெருவில் பெண்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அனுமதியில்லை. அங்கே எவரையும் படம் எடுக்க வேண்டாம். வார இறுதி இரவுகளில் இந்தப் பகுதியில் கண்ணாடி பாட்டிலுக்கும், எப்போதும் கத்திக்கும் தடை.

ஞாயிற்றுக்கிழமை

மீன் சந்தை கோடையில் காலை 5 மணிக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை 7 மணிக்கும் தொடங்கி 9:30-க்கு முடிந்துவிடும். 1703 முதல் நடக்கிறது. இரவெல்லாம் ஆடிவிட்டு நேராக அங்கே போவது ஹாம்பர்க் மரபு என்பார்கள். முப்பதைத் தாண்டியவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். ஒரு மணிக்குப் படுத்து, ஏழரைக்குப் போங்கள். கூவி விற்கும் வியாபாரிகள் கூடை நிறையப் பழத்தை அள்ளிப்போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முடியும் நேரம் நெருங்க நெருங்க விலை சரியும். எழ முடியாதவர்களை விட்டுவிட்டுப் போங்கள், வற்புறுத்த வேண்டாம். இலையுதிர், குளிர் காலங்களில் புயல் வீசினால் சந்தைத் திடலில் ஆற்று நீர் ஏறிவிடும். முந்தைய நாள் செய்தியைப் பாருங்கள்.

அறையைக் காலி செய்து பைகளை விடுதியிலேயே விட்டு வையுங்கள். ஞாயிறன்று பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். ரயிலுக்கான தின்பண்டம் முதன்மை நிலையத்தின் வான்டல்ஹாலே கடைகளில் கிடைக்கும். மதியத்துக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயில் என்றால் மிஷெல் தேவாலயக் கோபுரத்தின் 106 மீட்டர் மாடம், இல்லை பிளான்டன் உன் புளோமன் பூங்காவில் புல்வெளி. மழை என்றால் புனித நிக்கோலாய் நினைவிடம்: 1943 ஜூலை குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயத்தின் 147 மீட்டர் கோபுரம் மட்டும் நிற்கிறது, அடித்தளத்தில் அருங்காட்சியகம். லூபெக் முக்கால் மணி நேரம்தானே என்று யாராவது கிளப்பினால் மறுத்துவிடுங்கள், அதற்கு மூன்றாவது இரவு வேண்டும்.

ரயிலுக்கு 30 நிமிடம் முன்பே முதன்மை நிலையத்தில் இருங்கள். பிளாட்பாரங்கள் குறுகல், கூட்டம் அதிகம், கடைசி நிமிடத்தில் பிளாட்பாரம் மாற்றுவார்கள். சேருமிடத்தை அடைய 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் சலுகை டிக்கெட்டானாலும் வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திருப்பித் தருவார்கள். விண்ணப்பத்தை ரயில்வே செயலியிலேயே போடலாம். குழு டிக்கெட்டுக்கு வரும் பணம் வாங்கியவர் கணக்கில்தான் விழும், பங்கு பிரிக்க மறக்க வேண்டாம்.